வெள்ளிக்கிழமைக் கோடு

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு கோல்ஃப் சட்டென்று பிடிபடாது. எதிரணி என்று ஒன்று கண்ணில் படாது. இங்கே இருவர் அடித்துக்கொண்டிருப்பார்கள்; அரை மைல் தள்ளி, மரங்களுக்கு அந்தப் பக்கம், இன்னும் மூவர் வேறொரு குழியை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். யார் முந்துகிறார், யார் பின்தங்குகிறார் என்பதைப் புள்ளிப் பலகை சொன்னால்தான் உண்டு. பத்து நிமிடத்தில் சேனலை மாற்றுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பல வருடம் மாற்றியவன்தான்.

பலகையில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு கதை மாறிவிட்டது. எல்லோரும் முதல் பெயரைப் பார்ப்பார்கள். ஆண்கள் தொழில்முறை கோல்ஃபின் ஒரு பருவம் புரிய வேண்டுமானால் பலகையின் நடுவில் ஓடும் கோட்டைப் பார்க்க வேண்டும். 2025 பருவத்தையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு மைதானத்தில் 18 குழிகள். இந்தக் குழிக்கு மூன்று அடி, அந்தக் குழிக்கு நான்கு, நீளமானதற்கு ஐந்து என்று கணக்கு வைத்திருப்பார்கள், அதுதான் பார். ஒன்று குறைவாக முடித்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. பதினெட்டும் சேர்ந்தால் பெரும்பாலும் 70 முதல் 72 வரை வரும். வியாழன் தொடங்கி ஞாயிறு வரை தினம் ஒரு சுற்று, நான்கு நாளில் 72 குழிகள். மொத்தத்தில் குறைவாக அடித்தவர் ஜெயித்தவர். விதிப்புத்தகம் தடிமனானதுதான், ஆனால் பார்ப்பதற்கு இவ்வளவு போதும்.

இனி கோடு. அமெரிக்காவின் பிஜிஏ டூரில் 2025-இல் ஒரு சாதாரண வாரத்தில் 156 பேர் வரை களம் இறங்கினார்கள். இரண்டு நாள் எல்லோரும் ஆடுவார்கள். வெள்ளி சாயங்காலம் முதல் 65 இடங்களில் இருப்பவர்களும், அந்தக் கடைசி இடத்தில் சமமாக நிற்பவர்களும் சனி, ஞாயிறு ஆடத் தகுதி பெறுவார்கள். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதற்குப் பெயர் கட். தகுதி பெறாதவருக்குப் பரிசுப் பணத்தில் சல்லிக்காசு கிடையாது. மேஜர் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் மட்டும் ஆறுதலுக்கு ஒரு சிறு தொகை தருவார்கள். கோல்ஃப் வீரர் யாருக்கும் சம்பள ஊழியர் அல்ல. விமான டிக்கெட், ஹோட்டல் அறை, பையைத் தூக்கி வரும் கேடிக்கு வாரக் கூலி எல்லாம் அவர் கைக்காசு. ஜெயித்தவர் மொத்தப் பரிசில் வழக்கமாக 18 சதவீதத்தை அள்ளிக்கொண்டு போவார். கோட்டுக்கு மேலே தொற்றிக்கொண்டு 65-ஆவதாக முடித்தவருக்குக் கால் சதவீதம்கூட வராது. ஆனாலும் அவர் கோட்டுக்கு மேலே இருக்கிறார், அடுத்த இடத்துக்காரர் கீழே.

இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால்தான் பெரிய பெயர்களின் பெருமையும் தெரியும். டைகர் வுட்ஸ் 1998 முதல் 2005 வரை தொடர்ந்து 142 முறை கட் தாண்டினார். அவர் வாங்கிய கோப்பைகளைவிட எனக்கு இந்த எண்தான் மலைப்பைத் தருகிறது. ஏழு வருடத்தில் ஒரு வாரம்கூட உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்று கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இன்றைய முதலிடக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் மூன்று வருடத்துக்கு மேலாக, 2025 முடிய, ஒரு கட்டையும் தவறவிடவில்லை. கடைசியாகத் தவறவிட்டது 2022 ஆகஸ்டில். 2024 கிறிஸ்துமஸ் சமயம் வீட்டில் ராவியோலி செய்துகொண்டிருக்கும்போது உடைந்த கண்ணாடிக் கோப்பை கையைக் கிழித்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தாமதமாக வந்தவர், 2025 பருவத்தில் ஆறு போட்டிகளை ஜெயித்தார்.

பருவத்தின் பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜனவரியில் ஹவாய், பிறகு கலிஃபோர்னியா, அரிசோனா, மார்ச்சில் ஃபுளோரிடா. அதன் பிறகு மாதத்துக்கு ஒரு மேஜர்: ஏப்ரலில் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யுஎஸ் ஓபன், ஜூலையில் பிரிட்டனில் ஓபன் சாம்பியன்ஷிப். ஆகஸ்டில் இறுதிக் கட்டம். நவம்பர் வரை இலையுதிர்காலப் போட்டிகள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பருவத்தை நடத்துவது பிஜிஏ டூர். பருவத்தின் நான்கு மேஜர்களில் ஒன்றுகூட அதற்குச் சொந்தமில்லை. மாஸ்டர்ஸ் அகஸ்டா நேஷனல் கிளப்பின் கையில் இருக்கிறது; மற்ற மூன்றும் மூன்று தனித்தனி அமைப்புகளிடம். டூர் தன் சொந்தப் பெருவிழாவாக மார்ச்சில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை நடத்துகிறது. 2.5 கோடி டாலர் பரிசைக் கொட்டினாலும் அதை மேஜர் என்று சொல்ல வைக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பந்தல், சாப்பாடு, மேளம் எல்லாம் ஏற்பாடு செய்தவர் தாலி எடுத்துக்கொடுக்கும் நேரத்தில் ஓரமாக நிற்பது மாதிரி.

அந்த பிளேயர்ஸில்தான் 2025-இன் இரண்டு பெரிய கதைகள் ஒன்றாகத் தொடங்கின. ரோரி மெக்கில்ராயும் ஜே. ஜே. ஸ்பானும் ஞாயிறன்று சமமாக முடித்தார்கள். திங்கட்கிழமை காலை மூன்று குழிப் பிளே-ஆஃப். ஃபுளோரிடாவின் சாக்ராஸ் மைதானத்தில் 17-ஆம் குழியின் கிரீன், அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை, தண்ணீருக்கு நடுவே தீவுபோல் இருக்கும். ஸ்பான் அடித்த பந்து கிரீனையே தாண்டிப் போய்த் தண்ணீரில் விழுந்தது. கோப்பை மெக்கில்ராய்க்குப் போனது.

அடுத்த மாதம் அகஸ்டாவில் மெக்கில்ராய்க்கு எதிரி அவரேதான். நான்கு மேஜர்களில் மூன்றை 2014-க்குள் வாங்கிவிட்டு, மாஸ்டர்ஸ் மட்டும் கைக்கு வராமல் 11 வருடம் அலைந்தவர். 2011-இல் நான்கு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்துக் கோட்டைவிட்டது வேறு. இந்த முறையும் முதல் குழியிலேயே டபுள் போகி. 13-இல் சின்னதாகத் தூக்கிப் போட வேண்டிய பந்தை ஓடைக்குள் விட்டார். 18-இல் ஐந்தடி தூரத்துப் பட் (கிரீனில் பந்தை உருட்டிவிடும் அடி) உள்ளே போயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், போகவில்லை. ஜஸ்டின் ரோஸோடு பிளே-ஆஃப். மறுபடி அதே 18-ஆம் குழி, இந்த முறை பந்து கொடிக்கம்பத்துக்கு நான்கடி பக்கத்தில் வந்து நின்றது. பட் விழுந்ததும் அவர் முழங்காலிட்டுத் தரையில் முகம் புதைத்தார். நான்கு மேஜர்களையும் வென்ற ஆறாவது ஆள்: ஜீன் சராசன், பென் ஹோகன், கேரி பிளேயர், ஜாக் நிக்லஸ், டைகர் வுட்ஸ், அப்புறம் இவர். நம் ஊர்க் கடிகாரத்தில் அப்போது திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணியை நெருங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் 2025 என்றால் இந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். நான் ஜூன் மாதத்தைச் சொல்வேன்.

யுஎஸ் ஓபன் என்பதில் ஓபன் என்ற சொல் வெறும் அலங்காரம் இல்லை. போதுமான திறன் இருக்கிற யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 2025-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், இடம் 156. இரண்டு கட்டத் தகுதிச் சுற்றில் பிழைத்து வந்தவர்களில் ஒருவர் பல் மருத்துவர். அதே ஓக்மான்ட் மைதானத்தில் ஒரு காலத்தில் கேடியாகப் பை தூக்கியவர். வெள்ளிக்கிழமையோடு அவர் திரும்பிப் போனார். பரவாயில்லை, பல் பிடுங்க வருகிறவர்களிடம் சொல்ல வாழ்நாள் முழுக்கக் கதை இருக்கிறது.

ஓக்மான்ட் பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கிறது. மைதானங்களிலேயே கருணை இல்லாதது என்று பெயர் வாங்கியது. பாதையை விட்டுப் பந்து விலகினால் கணுக்கால் மறையும் புல். கிரீன்கள் சரிவாக, கண்ணாடி மாதிரி வழுக்கும். தேவாலய பெஞ்சுகளை அடுக்கியதுபோல் புல்வரப்புகள் வரிசையாகக் கிடக்கும் ஒரு பெரிய மணல்குழி வேறு. ஜனவரியில் ஹவாயில் ஹிடேகி மட்சுயாமா நான்கு நாளில் பாருக்கு 35 குறைவாக அடித்து டூரின் சாதனையை உடைத்தார். அதே ஆண்டு, கிட்டத்தட்ட அதே ஆட்கள், ஓக்மான்டில் பாருக்குக் கீழே முடித்தவர் ஒரே ஒருவர். பார் என்பது ஊருக்கு ஊர் மாறும் படி மாதிரி. எந்தப் படியால் அளந்தார்கள் என்று தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

அந்த வெள்ளிக்கிழமை கோடு பாருக்கு 7 கூடுதலில் விழுந்தது. நடப்புச் சாம்பியன் பிரைசன் டிஷாம்போ வெளியே. ஃபில் மிக்கெல்சன் கதைதான் பார்க்கச் சகிக்கவில்லை. 55 வயதை எட்டிக்கொண்டிருந்தவர். மற்ற மூன்று மேஜர்களும் கையில் இருக்க, யுஎஸ் ஓபனில் மட்டும் ஆறு முறை இரண்டாம் இடம். 2021-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றதால் கிடைத்த நேரடி நுழைவு அந்த ஆண்டோடு முடிந்தது. வெள்ளி சாயங்காலம் கோட்டுக்கு மேலே வசதியாகத்தான் இருந்தார். 15-இல் டபுள் போகி, 17-இல் இன்னொரு டபுள் போகி. முடித்தது 8 கூடுதலில். ஓர் அடி. மெக்கில்ராய் ஏப்ரலில் நிறைவு செய்ததை மிக்கெல்சன் நிறைவு செய்ய வேண்டிய மைதானம் இதுதான். அவர் சனிக்கிழமையைப் பார்க்கவே இல்லை.

ஸ்பான் கோட்டுக்கு மேலே இருந்தார். 2022-இல் டெக்ஸஸில் ஒரு போட்டியை ஜெயித்ததைத் தவிர பெரிதாகப் பெயர் இல்லாதவர். முந்தைய ஆண்டு ஆட்டம் சரிந்து, டூரில் ஆடும் உரிமையே போய்விடுமோ என்ற நிலைக்கு வந்தவர். ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு மகள் வாந்தி எடுக்கிறாள் என்று மருந்துக் கடைக்கு ஓடினார். அன்று பகலில் முதல் ஆறு குழிகளில் ஐந்து போகி. இரண்டாவது குழியில் பந்து கொடிக்கம்பத்தில் நேராகப் பட்டு, அதே வேகத்தில் பின்வாங்கி கிரீனை விட்டே உருண்டு போனது. நன்றாக அடித்ததற்குத் தண்டனை. பிறகு மழை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. அந்த மழை வந்திராவிட்டால் அவர் பெயரை நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றே நினைக்கிறேன்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக ஆடினார். முதல் ஒன்பது குழிகளில் 40 அடித்தவர், அடுத்த ஒன்பதில் 32. நான்கு அடி கணக்குள்ள 17-ஆம் குழியில் முதல் அடியிலேயே கிரீனில் பந்தை ஏற்றினார். 18-க்கு வந்தபோது ஸ்காட்லாந்தின் ராபர்ட் மெக்கின்டயர் ஆட்டத்தை முடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பட்டில் முடித்தாலே ஸ்பானுக்கு வெற்றி. குழி 64 அடி தூரத்தில். (இது நீளத்தின் அடி, அவருக்குத் தேவைப்பட்டது ஒரே அடி.) கூட ஆடிய விக்டர் ஹோவ்லாண்டின் பந்து கிட்டத்தட்ட அதே தடத்தில் இருந்ததால் முதலில் அவர் அடிக்க, சரிவு எப்படி வளைகிறது என்று ஸ்பான் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தட்டினார். ஈரப் புல்லில் உருண்டு, வளைந்து, வளைந்து, உள்ளே. பாருக்கு 1 குறைவு. 43 லட்சம் டாலர் பரிசு. அதைவிடப் பெரியது, ஐந்து ஆண்டுக்கு டூரில் ஆடும் உரிமை.

அந்த உரிமைக்குத்தான் டூர் கார்டு என்று பெயர். பருவம் முழுக்க ஓடும் புள்ளிக் கணக்கும் கடைசியில் அதற்காகத்தான். சாதாரணப் போட்டியை ஜெயித்தால் 500 புள்ளி, சிக்னேச்சர் போட்டி என்றால் 700, மேஜருக்கும் பிளேயர்ஸுக்கும் 750. சிக்னேச்சர் என்பவை பெரிய பரிசும் சிறிய கூட்டமும் உள்ள எட்டுப் போட்டிகள். எழுபது, எண்பது பேர்தான் ஆடுவார்கள். அவற்றில் ஐந்தில் கட்டே கிடையாது. முந்தைய ஆண்டின் முதல் 50 பேருக்கு அழைப்பு உறுதி. உள்ளே இருப்பவருக்குப் புள்ளியும் பணமும் தானாக ஊறும். வெளியே இருப்பவர் சாதாரண வாரங்களில் கோட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ரசிகர்களுக்குப் பெரிய ஆட்களை ஒன்றாகப் பார்க்கலாம் என்கிறது டூர். எனக்கு இது பந்தியில் முதல் வரிசைக்கு மட்டும் பாயசத்தைத் திரும்பத் திரும்ப ஊற்றுகிற வேலையாகத்தான் படுகிறது.

ஆகஸ்டில் புள்ளிப் பட்டியலின் முதல் 70 பேர் மெம்ஃபிஸ் போவார்கள். அங்கிருந்து 50 பேர் அடுத்த போட்டிக்கு, அதிலிருந்து 30 பேர் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக்கில் டூர் சாம்பியன்ஷிப்புக்கு. 2024 வரை அங்கே ஓர் அபத்தம் நடந்தது: புள்ளியில் முதலிடத்தில் இருப்பவர் ஆட்டம் தொடங்கும் முன்பே 10 குறைவு என்ற கணக்கோடு தொடங்குவார். 2025-இல் அதைத் தூக்கி எறிந்தார்கள். முப்பது பேரும் சமமாகத் தொடங்கினார்கள், நாலு நாள் நன்றாக அடித்தவர் ஜெயித்தார். அவர் இங்கிலாந்தின் டாமி ஃபிளீட்வுட். ஐரோப்பிய டூரில் ஏழு வெற்றி கண்டவர், பிஜிஏ டூரில் மட்டும் 163 போட்டி ஆடி ஒன்றும் ஜெயிக்காதவர். ஜூனில் கனெக்டிகட்டில் கடைசிக் குழியில் கைவிட்டார், ஆகஸ்டில் மெம்ஃபிஸில் கிட்ட வந்து நழுவவிட்டார். 164-ஆவது போட்டியில் கிடைத்த முதல் வெற்றிக்கு 1 கோடி டாலர். அப்போது நம் பணத்தில் ஏறத்தாழ 87 கோடி ரூபாய். அடுத்த மாதம் நியூயார்க் பக்கம் பெத்பேஜில் அமெரிக்காவை ரைடர் கோப்பையில் 15-13 என்று வென்ற ஐரோப்பிய அணியிலும் அவர் இருந்தார்.

அக்டோபரில் அவர் நம் பக்கம் வந்தார். ஐரோப்பாவை மையமாகக் கொண்ட டிபி வேர்ல்ட் டூர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் 40 லட்சம் டாலர் பரிசோடு ஒரு போட்டி வைத்தது. இந்தியாவில் மெக்கில்ராய் ஆடியது அதுவே முதல் முறை. குறுகலான பாதை, இருபுறமும் புதர். தூரமாக அடிப்பதில் பேர்போனவருக்கு அங்கே தூரம் உதவவில்லை. ஃபிளீட்வுட் பாருக்கு 22 குறைவாக அடித்து ஜெயித்தார். மெக்கில்ராய் வருட முடிவில் ஐரோப்பியத் தரவரிசையில் ஏழாவது முறையாக முதலிடம் பிடித்துக்கொண்டார்.

லிவ் கோல்ஃபைப் பற்றி ஒரு வார்த்தை. சவூதி அரேபியாவின் பணத்தில் 2022-இல் தொடங்கியது. 2025 வரை மூன்று நாள், 54 குழி; எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் தொடங்குவார்கள், கட் கிடையாது, கடைசி இடத்துக்கும் பணம் உண்டு. ரோமன் எண்ணில் 54 என்பதுதான் அதன் பெயரே. 2025-இல் வாக்கீன் நீமன் ஐந்து போட்டிகளை ஜெயித்தார், ஒன்றுகூட ஜெயிக்காத யான் ராம் பருவப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஆண்டு நவம்பரில், 2026 முதல் 72 குழி ஆடப் போவதாக அறிவித்தார்கள். பெயர் மட்டும் 54-லேயே நிற்கிறது. கோடு இல்லாத ஆட்டத்தில் வெள்ளிக்கிழமைக்கு உயிர் இல்லை என்பது என் அபிப்பிராயம். பணம் வாங்குகிறவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

கடைசிக் கோடு நவம்பரில் விழுகிறது. டூர் சாம்பியன்ஷிப் முடிந்ததும் பலர் டிவியை அணைத்துவிடுவார்கள். முதல் 50-க்கு வெளியே நின்றவர்களுக்கு அதன் பிறகும் ஏழு போட்டிகள் இருந்தன. பல ஆண்டுகளாக முதல் 125 பேருக்கு அடுத்த வருடக் கார்டு கிடைத்துவந்தது. 2025-இல் அதை 100 ஆகக் குறைத்தார்கள். 101 முதல் 125 வரை வந்தவர்களுக்கு, மற்றவர்கள் வராத வாரங்களில் இடம் கிடைத்தால் ஆடலாம் என்ற அரைகுறை உரிமை. அது போதாதென்றால் டிசம்பரில் தகுதிப் போட்டி. அங்கே கிடைப்பது ஐந்தே ஐந்து கார்டு. ஜார்ஜியாவின் சீ ஐலண்டில் நடந்த கடைசிப் போட்டியை சாமி வாலிமாக்கி ஜெயித்தார். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் ஃபின்லாந்துக்காரர். அங்கே இருந்த பாதிப் பேருக்கு அவர் ஜெயித்தாரா இல்லையா என்பது கவலையே இல்லை. அவர்கள் தேடியது நூறாவது பெயரை.

அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலையில் முடியும். எழுந்ததும் காபிக்கு முன்னால் டூரின் பலகையைத் திறந்து, முதலிடத்தைத் தாண்டி 65-ஆம் இடத்துக்கு விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓர் அடியில் தப்பித்த ஒரு பெயரும், ஓர் அடியில் போன ஒரு பெயரும் அடுத்தடுத்து இருக்கும்.